பன்னிரண்டாம் மாடியில் ஒரு மலையுச்சி

ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டுத் திருப்பத்தில், என் மச்சான் சிவா ஒரு வளைந்த தகரத்துக்குள் அகப்பட்டு நின்றான். தகரத்தின் ஒரு விளிம்பு சுவரிலும் மற்ற விளிம்பு கைப்பிடிக் கம்பியிலும் இறுகிவிட்டன. அவனால் முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“அத்தான், நான் உதுக்குள்ளையே செத்துப்போனால் அக்காவுக்கு என்ன சொல்லுவியள்?”

“நீ தகரத்தைச் சப்பளிச்சுப் போட்டாய் எண்டு சொல்லுவன்.”

எனக்கு இரண்டு படி கீழே மார்த்தா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்லோவீனியப் பெண்மணி, என்னோடு வேலை செய்தவர். ஒரு கையில் தகரத்தில் வெட்டிய சின்னக் கொடி. மற்றக் கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முகம் நன்றாகப் பழுத்த தக்காளிபோலச் சிவந்திருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சத்தம் கேட்டு ஏழாம் மாடிக் கதவு திறந்தது. மன்னாரைச் சேர்ந்த ஒரு அன்ரி எட்டிப் பார்த்தார்.

“ஆரப்பா அது? கலியாண வீடோ, செத்த வீடோ?”

“ரெண்டும் இல்லை அன்ரி. மலை ஏறுறம்” என்றேன்.

அன்ரி எங்கள் மூவரையும் பார்த்தார். தகரத்துக்குள் ஒருவன், முழங்காலைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரி, ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் கட்டுமாக நான். “அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுங்கோவன்” என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

போன வாரம் பனியில் வழுக்கி விழுந்த கதையை எழுதியதும் நண்பர் ஒருவர் போன் எடுத்து, “நீர் விழுந்ததைத்தான் எழுதுவீரோ, ஏறினது ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார். அவருக்காக இந்த வாரம் ஏறிய கதை.

மலையறியாத மனிதர்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. பெயரில் மலையை வைத்திருக்கும் கீரிமலையும் கடற்கரைதான். கனடாவுக்கு வரும்வரை நான் ஏறிய அதிக உயரம் எங்கள் பள்ளிக்கூடத்து மேல்மாடி. ஆகவே தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம், டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தபோது, சொந்தக்காரர் எல்லோருக்கும் கடிதம் எழுதினேன். லிப்ற் இரண்டும் மாறி மாறிப் படுத்துவிடும் என்பதை எழுதவில்லை.

ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பேனை பிடித்தவன், ரொறன்ரோவில் தகரம் பிடித்தேன். வீடுகளுக்குச் சூடுகாற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களைச் செய்யும் பட்டறை. அங்கே தகரத்தை வளைக்கும் இயந்திரம் மார்த்தாவின் ராச்சியம். பட்டறையில் இருந்த ஒரே பெண் அவர்தான். யாராவது கேட்காமல் அந்த இயந்திரத்தில் கை வைத்தால் அன்றைக்கு அவனுக்குச் சனி திசை.

எனக்கும் அவருக்கும் முதல் மூன்று மாதம் சண்டை. என் மீன்குழம்பு மைக்ரோவேவை நாறடிக்கிறது என்பது அவருடைய முறைப்பாடு. அவருடைய பார்லிக் கஞ்சிக்கு மணமே இல்லை என்பது என்னுடையது. நாலாம் மாதம் கிண்ணங்களை மாற்றிக்கொண்டோம். அதோடு சண்டை முடிந்தது, கதை தொடங்கியது.

மதியச் சாப்பாட்டுச் சரித்திரம்

மார்த்தா ஆங்கிலத்தில் சொன்னதை நான் எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.

அவருடைய நாட்டின் மிக உயர்ந்த மலைக்குப் பெயர் திரிக்லாவ். மூன்று தலை என்று பொருளாம். திரி என்றால் எங்களுக்கும் மூன்றுதான் என்று சொன்னதும், ஏதோ சொந்தம் விட்டுப்போகாமல் இருந்ததுபோல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருநூறு வருடங்களுக்கு முன்னால் அதன் அடிவாரத்துப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நாலுபேர் முதன்முதல் உச்சிக்கு ஏறினார்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக ஏறியவர்களில் பலர் வெளியார். மலையில் தங்குமிடம் கட்டியவர்களும் ஜெர்மன் பேசும் சங்கத்தார். வழிகாட்டிப் பலகை எல்லாம் அவர்களுடைய மொழியில்.

“எங்கள் மலையில் எங்கள் பாஷையில் ஒரு பலகை இல்லை” என்றார் மார்த்தா.

பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கவேண்டும் என்ற சண்டையை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஸ்லோவீனியர்களின் மலைச் சங்கம் பிறந்த விதம் வேடிக்கையானது. நடைபோக விரும்பும் கூட்டாளிகள் சிலர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் புகைக்குழாய், புகையிலை, நெருப்புக்குச்சி மூன்றையும் கொண்டுவரவேண்டும், மறந்தவனுக்குத் தண்டம் என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பகிடிக் கூட்டந்தான் கொஞ்சக் காலத்தில் உண்மையான சங்கமானது. அடுத்த வருடமே அவர்கள் முதல் தங்குமிடத்தைக் கட்டினார்கள். மலைக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் படுக்க ஒரு பலகை, குடிக்கச் சூடாக ஏதாவது. உள்ளே போகுமுன் சப்பாத்தைக் கழற்றவேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் யாத்திரை மடங்கள்தான் நினைவுக்கு வந்தன. அன்றிலிருந்து நான் அவற்றை மலைமடம் என்றே சொல்லி வருகிறேன்.

கதையின் நாயகன் ஒரு பாதிரியார். திரிக்லாவின் உச்சியில் சின்னத் துண்டு நிலத்தைக் கிராமத்தாரிடமிருந்து ஒரேயொரு நாணயத்துக்கு வாங்கினார். தானே படம் கீறி, தகரவேலைக்காரனிடம் கொடுத்து, ஒரு உருளைக் கோபுரம் செய்வித்தார். மேலே கூம்புக் கூரை, அதன் நுனியில் தகரக் கொடி. துண்டுதுண்டாகச் சுமைகாரர் தோளில் ஏற்றி, உச்சியில் ஒரு பகலுக்குள் பூட்டி நிறுத்திவிட்டார்கள். நாலைந்துபேர் நெருங்கி நிற்கலாம். புயலுக்கு ஒதுங்கலாம். பட்டாளத்து அதிகாரி ஒருவர், நாங்கள் நிலம் அளக்க நட்ட கல் இருந்த இடத்தைப் பாதிரியார் கெடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டாராம். பாதிரியார் வென்றார்.

“தகரவேலைக்காரன் செய்த கோபுரம்” என்றேன் நான்.

“ஆமாம். எங்களைப்போல” என்றார் மார்த்தா.

அந்தக் கோடையில் கோபுரத்துக்கு நூறு வயது. ரொறன்ரோ ஸ்லோவீனியர்கள் நகருக்கு வெளியே தங்கள் காணியில் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் வைத்து அதைக் கொண்டாட இருந்தார்கள். மேடையில் வைக்க அட்டையில் ஒரு கோபுரம் செய்யலாம் என்றார்கள். மார்த்தா எழும்பி, அட்டை வேண்டாம், நான் தகரத்திலேயே செய்து தருகிறேன் என்றார். அவர்கள் சங்கத் தலைவர் சிரித்தார். “மலையையே காணாதவள் கோபுரம் செய்வதா?” என்று கேட்டார்.

அதுதான் அவரைச் சுட்டது. ஸ்லோவீனியனாய்ப் பிறந்தால் ஒருமுறையாவது திரிக்லாவ் ஏறவேண்டும் என்பது அவர்கள் ஊர்ப்பேச்சு. முதல்தடவை ஏறியவரை, முன்பே ஏறியவர் உச்சியில் குனியவைத்துக் கயிற்றால் பின்புறத்தில் மூன்று அடி போடுவார். அது அவர்களுடைய ஞானஸ்நானம். மார்த்தா மூன்று வயதில் அகதி முகாமுக்கு வந்து, அங்கிருந்து கனடாவுக்கு வந்தவர். முதலில் அங்கிருந்த ஆட்சியை நினைத்துப் போகப் பயம், பிறகு வசதியில்லை. இப்போது நாடு புதிதாய்ப் பிறந்து, கொடியிலேயே அந்த மலையைப் போட்டுவிட்டது. ஆனால் முழங்கால் தேய்ந்துவிட்டது. மலையை மறந்துவிடுங்கள் என்று டொக்ரர் சொல்லிவிட்டார்.

“எனக்கு அந்த அடி கிடைக்கவே போவதில்லை. கோபுரத்தையாவது செய்வேன்” என்றார்.

நான் உதவிக்கு வருகிறேன் என்றேன். அடி வாங்க ஆசைப்பட்ட ஒருவரை அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன்.

சப்பாத்தைக் கழற்றிய குற்றம்

வேலை முடிந்தபிறகு, கழிவுத் தகரத்தில் செய்யலாம் என்று போர்மன் அனுமதி தந்தார். அசலைவிடச் சிறிதாக, மூன்றுபேர் நிற்கக்கூடிய அளவில் செய்தோம். சுவருக்கு மூன்று வளைவுகள், கூரைக்கு நாலு துண்டுகள், ஒரு கதவு. ஞாயிறு பிக்னிக். புதன்கிழமை பின்னேரம் பட்டறைத் தரையில் கூம்பையும் வாசலையும் தற்காலிகமாகக் கட்டிப் பார்த்தோம்.

உள்ளே போய் ஒரு விளிம்பைத் தட்டவேண்டியிருந்தது. நான் போனேன். தட்டினேன். அடுத்த கணம் ஐயோ என்று கத்தினேன்.

ஓடிவந்த போர்மன் கண்டது இதுதான். கோபுர வாசலில் என் பாதுகாப்புச் சப்பாத்து இரண்டும் ஒழுங்காகச் சோடி சேர்ந்து இருந்தன. உள்ளே நான் காலுறையோடு நின்றேன். பாதத்தில் ஒரு தகரச் சீவல் ஏறியிருந்தது.

எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. கூம்பாய்க் கூரை, சின்ன வாசல், குனிந்து போகவேண்டும். கால் தன்பாட்டுக்குக் கழற்றிவிட்டது. முப்பத்தைந்து வருடம் கோயிலுக்குப் போன கால் அல்லவா.

“இது பட்டறை! கோயில் இல்லை!” என்று போர்மன் கத்தினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இனி இந்தக் கட்டடத்துக்குள் கோபுரம் என்ற பேச்சே இருக்கக்கூடாது, துண்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

காலில் நாலு தையல். வலியைவிட வெட்கம் பெரிது. ஒரு மனுசியின் ஆசையை என் கால் கெடுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். மார்த்தா என் சப்பாத்துகளை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

“மலைமடத்தில் சப்பாத்தோடு போனால்தான் பிழை. நீர் சரியாகத்தான் செய்தீர்” என்றார்.

அதைக் கேட்டபிறகு எப்படி விடுவது? மார்த்தாவும் சிவாவும் குடியிருந்த நிலத்தடிப் பேஸ்மென்றுகளில் என் தலையே முட்டும். எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தைக் கேட்டேன், காவலாளி மாட்டேன் என்றார். மிச்சம் இருந்தது எங்கள் வரவேற்பறைதான். அங்கே ஒருமுறை பூட்டிப் பார்த்து, கழற்றி, ஞாயிறு காலை பிக்னிக் காணிக்குக் கொண்டுபோவது என்று திட்டம் போட்டோம்.

பத்மாவிடம், என் மனைவியிடம், சொன்னேன்.

“என்னப்பா, லிப்ற் வேலை செய்யேல்லை. உங்களுக்குக் கால் சரியில்லை. அந்த மனுசிக்கு முழங்கால் சரியில்லை. உங்கள் எல்லாருக்கும் மண்டையும் சரியில்லை” என்றாள். பிறகு சோபாவை நகர்த்தி இடம் பண்ணினாள்.

ஏழாம் மாடி மடம்

இப்படித்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம், பிறம்ரனில் களஞ்சிய வேலை முடித்துக் களைத்து வந்த சிவா அந்தத் தகரத்துக்குள் அகப்பட்டான். மன்னார் அன்ரியின் தேத்தண்ணியைத் தகரத்துக்கு மேலால் நீட்டிக் கொடுத்தோம். அவன் குடித்து முடித்ததும் மூச்சை உள்ளே இழுத்தான். தகரம் விடுபட்டது.

அன்ரி மார்த்தாவை உள்ளே கூப்பிட்டார். மார்த்தா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனார். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்து, “நல்ல வளர்ப்பு” என்றார்.

அதன்பிறகு கதை எங்களுக்கு முன்னால் படியேறியது. ஒன்பதாம் மாடியில் ஒரு அண்ணை மிக்ஸரோடு நின்றார். பத்தாம் மாடியில் ஒருவர் வந்து கூரைத் துண்டை வாங்கிச் சுமந்தார். மார்த்தா ஒவ்வொரு மாடியிலும் இருந்து, எழும்பி, இருந்து, எழும்பி ஏறினார். பதினோராம் மாடியில் நான், இனி வேண்டாம், கொடியைத் தாருங்கள், கீழே போய் இருங்கள் என்றேன்.

“கொடியைத் தொட்டால் கையை முறிப்பேன்” என்றார்.

ஏறி முடித்து எங்கள் வாசலில் நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பத்மா ஓடிவந்து கையைப் பிடித்து, “வாங்கோ அக்கா, இருங்கோ” என்றாள். அக்கா என்றால் என்னவென்று மார்த்தா கேட்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

பத்மாவின் கேள்வி

சனிக்கிழமை முழுவதும் வேலை. திருகாணி போட்டுப் பூட்டினால் கழற்றலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? சூடுகாற்றுக் குழாய் செய்கிறவன் ஒரு மூட்டைக் கண்டால் ரிவெற் ஆணி அடித்து இறுக்காமல் விடமாட்டான். ஒரு பக்கம் நான் அடித்தேன், மறுபக்கம் மார்த்தா அடித்தார். யாருடைய வரிசை நேராக இருக்கிறது என்று போட்டி வேறு. காற்று ஒழுகக்கூடாது என்று இடுக்கெல்லாம் பட்டறைப் பசையும் பூசினோம். மலையுச்சிக் கோபுரத்துக்குக் காற்றடைப்பு எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பின்னேரம் கோபுரம் நிமிர்ந்து நின்றது. கூம்பின் நுனி அறையின் முகட்டைத் தொட்டதால் கொடியைக் குத்த இடமில்லை. யன்னல் வெளிச்சத்தில் தகரம் பளபளத்தது. சிவா கைதட்டினான். மார்த்தா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அடுப்படியிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்த பத்மா கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு வாசற்கதவைப் பார்த்தாள். மறுபடி கோபுரத்தைப் பார்த்தாள்.

“வடிவாய்த்தான் இருக்கு. இதை எப்பிடி வெளியிலை கொண்டு போறது?”

சிவா அளவுநாடாவை எடுத்து அளந்தான். அளந்து பார்க்க ஒன்றுமில்லை. ரிவெற் ஆணி கழராது, பசையும் காய்ந்துவிட்டது. பலவந்தமாகக் கழற்றினால் தகரம் கிழியும். விடிந்தால் பிக்னிக்.

மார்த்தா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கொடி மடியில் கிடந்தது. “அட்டைக் கோபுரந்தான் சரி. தலைவர் சொன்னது உண்மைதானே” என்றார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு தடவை அந்த மனுசியின் ஆசையைக் கெடுத்தவன் நான்.

கனநேரம் கழித்து அவர் எழும்பி, அடுப்படியில் இருந்த போனை எடுத்துத் தலைவருக்கு அடித்தார். அவர்கள் பாஷையில் பேசினார். குரல் தாழ்ந்து, நின்று, மறுபடி தொடங்கியது. போனை வைத்துவிட்டு வந்து எங்களைப் பார்த்தார்.

“எத்தனையாம் மாடி என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். லிப்ற் இருக்கிறதா என்றார். பழுது என்றேன். பிறகு, அப்படியானால் நாங்கள் ஏறி வருகிறோம் என்றார்.”

(பின்னொரு லீவில் அந்தக் கோபுரத்தை வெட்டிப் பிரித்து, ஒட்டுப்போட்டு, அவர்கள் காணியில் நிறுத்தினோம். ஒட்டுத் தெரியும். ஆனால் காற்று ஒழுகாது.)

மூன்று அடி

ஞாயிறு காலை பதினைந்து ஸ்லோவீனியர்கள் எங்கள் படிக்கட்டில் ஏறினார்கள். முன்னால் தலைவர், தொப்பியில் இறகு, கையில் ஊன்றுகோல், தோளில் கயிறு. கடைசியாக ஒருவர் அக்கோர்டியன் பெட்டியைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு மாடியிலும் ஒரு பாட்டு வாசித்துவிட்டு ஏறினார். ஏழாம் மாடி அன்ரி பெரிய தேத்தண்ணிக் கேத்தலோடு காத்திருந்தார்.

எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். நடைபாதை நீளத்துக்கு மலைச் சப்பாத்து வரிசை.

“இஞ்சை பாருங்கோ, தாங்களாவே கழட்டுகினம்!” என்று பத்மா என் காதில் சொன்னாள். சப்பாத்தோடு உள்ளே வருவார்களோ என்று அவளுக்கு அவர்கள்மேல் இருந்த சந்தேகம் எல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

தலைவர் கோபுரத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தி நின்றார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு பல்கனிக்குப் போய்க் கீழே பார்த்தார். ஸ்காபரோ தட்டையாக விரிந்து கிடந்தது.

“மார்த்தா, நீ நடந்துதானே ஏறினாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார், எங்களுக்கும் விளங்கட்டும் என்று.

“நடந்துதான். இன்றைக்கும்.”

அவர் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “திரிக்லாவில் என்றால் நான் அடிப்பேன். இந்த மலைக்கு நான் இன்றைக்குத்தான் வந்தேன். முன்பே ஏறியவர்தான் அடிக்கவேண்டும். அது நீர்.”

ஊரில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. மனைவி பார்த்து நிற்க, ஒரு பெண்பிள்ளையைக் குனியவைத்துக் கயிற்றால் அடிப்பதா? மார்த்தா ஏற்கனவே சோபாவின் முதுகைப் பிடித்துக் குனிந்து காத்திருந்தார். நான் கயிற்றை ஓங்குவதும் இறக்குவதுமாக நின்றேன்.

“விடுங்கோ இஞ்சை” என்றாள் பத்மா. கயிற்றை என் கையிலிருந்து பறித்தாள். “பதினொரு நாளா ரெண்டு கையிலையும் மரக்கறிப் பையோடை ஏறி இறங்கினது நான். உங்களுக்கு முந்தி இந்த மலை ஏறினது ஆர்? சொல்லுங்கோ பாப்பம்.”

நான் அதை மொழிபெயர்த்தேன். பதினைந்து பேரும் கைதட்டினார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றிப் பத்மாவுக்கு வணக்கம் செய்தார்.

முதல் அடி பூவால் தொட்டதுபோல. மார்த்தா திரும்பி, இது அடியே இல்லை என்றார். இரண்டாவது கொஞ்சம் கேட்டது. மூன்றாவது பளீர் என்று விழுந்தது. அக்கோர்டியன் எழும்பியது. மார்த்தா நிமிர்ந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. பத்மாவை இறுக்கிக் கட்டிப்பிடித்து, எங்கேயோ ஐம்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த ஊரின் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் “ஓம் அக்கா, ஓம்” என்றாள்.

பிறகு தலைவர் முன்னால் வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி, சோபாவைப் பிடித்துக் குனிந்தார். அவருக்கும் இந்த மலை முதல்தடவைதானே.

பத்மா தயங்கினாள். பெரிய மனிசன். மார்த்தாவைப் பார்த்து, விரல்களைச் சேர்த்துக் காட்டி, மெல்லவோ என்று சைகையால் கேட்டாள்.

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவருக்கு மெல்ல வேண்டாம்” என்றார்.